பிரான்ஸ்காரர் கதைத்த பிரெஞ்சு

எங்கள் அம்மாவின் அகராதியில் பிரெஞ்சுக் குடும்பம் என்றால் பிரான்ஸிலிருந்து வந்த குடும்பம். அது எங்கள் ஊரான உடுப்பிட்டிக் குடும்பமாகவும் இருந்துவிட்டால் இன்னும் விசேஷம். இந்தப் புத்தியை நான் பள்ளிக்கூடத்துக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

1996ஆம் ஆண்டு, மே மாதம். நான் பதின்மூன்றாம் வகுப்பில் இருந்தேன். எங்களுக்குப் பிரெஞ்சு படிப்பித்தவர் மடாம் பேர்ணடெற். மெல்லிய மனுசி, சிரித்தாலும் மூக்கால்தான் சிரிப்பார். கடைசித் தவணைக்கு அவர் ஒரு வேலை தந்தார். ஒவ்வொருவரும் ஒரு வார இறுதியைப் பிரெஞ்சு பேசும் குடும்பம் ஒன்றின் வீட்டில் கழிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு எங்காவது வெளியே போக வேண்டும். அங்கே வைத்து வீட்டுக்காரர் பிரெஞ்சில் பேசுவதைப் பதினைந்து நிமிடம் ரேப்பில் பதிந்து வர வேண்டும். திங்கட்கிழமை எல்லாருடைய ரேப்பையும் வகுப்பில் போட்டுக் கேட்போம். அதற்கு முப்பது புள்ளி.

எனக்கு அந்த முப்பதும் வேண்டும். பல்கலைக்கழகம் எனக்கு இடம் தருவதாகக் கடிதம் போட்டிருந்தது. ஆனால் ஆறு பாடத்தின் சராசரி எண்பதுக்குக் கீழே இறங்கினால் அந்தக் கடிதத்தால் மூக்குத் துடைக்கலாம். நான் எண்பத்தொன்றில் நின்றேன். முப்பது போனால் நான் போனேன். இது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுணில் எங்கள் கட்டிடத்து லிஃப்ற்றுக்கும் தெரியும். அம்மா அதற்குள் வைத்துத்தான் எல்லாருக்கும் சொல்வார்.

மடாமிடம் பிரெஞ்சுக் குடும்பங்களின் பட்டியல் இருந்தது. ஒரு பல் வைத்தியர், ஒரு வங்கிக்காரர், நாய் வளர்க்கும் ஒரு கிழட்டுச் சோடி. நான் பல் வைத்தியரைத் தெரிவுசெய்து படிவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

"குமர்ப்பிள்ளையை வெள்ளைக்காரன் வீட்டிலை படுக்க விட்டிட்டு நான் இஞ்சை கண்ணை மூடுறதோ? உனக்கென்ன, விசரே?" என்றார் அம்மா.

"அம்மா, உது பள்ளிக்கூட வேலை. முப்பது மார்க்ஸ்."

"முப்பதையும் எடு. ஆர் வேண்டாமெண்டது? எங்கட பிரான்ஸ் அண்ணை இருக்கேக்கை உனக்கேன் பல்லுப் புடுங்கிறவன்ரை வீடு?"

ரொறன்ரோவில் எங்கள் ஆட்களுக்குத் தகப்பன் வைத்த பெயரைவிட விமானம் ஏறிய நாடு வைத்த பெயர்தான் நிலைக்கும். சுவிஸ் அக்கா, லண்டன் மாமா, ஜேர்மன் சித்தி. இராசரத்தினம் என்ற மனுசன் ஆறு வருடம் பாரிஸில் இருந்துவிட்டு, 92இல் பார்க்டேலுக்கு வந்தார். வந்த நாளில் இருந்து அவர் பிரான்ஸ் அண்ணை. எனக்குப் பிரான்ஸ் அங்கிள். மனைவி பாலேஸ்வரியைப் பிரான்ஸ்காரி என்பார்கள். அதற்குப் பின்னால் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொல்வார்கள். கலியாணம் கட்டி ஏழு வருடம், இன்னும் ஒரு பூச்சி புழு இல்லை என்பார்கள். சொல்கிற கூட்டத்தில் என் அம்மாவும் ஒருவர். சொல்லிவிட்டு "பாவம்" என்று சேர்த்துக்கொள்வார்.

அம்மா ரெலிபோன் எடுத்தார். அங்கிள் அந்தப் பக்கத்தில் குளிர்ந்துபோனார். படிவத்தில் 'குடும்பத்தின் சொந்த இடம்' என்ற இடத்தில் பாரிஸ் என்று கொட்டை எழுத்தில் எழுதி, கீழே ஒரு முழம் கையெழுத்துப் போட்டார். மடாம் அதைப் பார்த்து உருகினார். பாரிஸ்காரர் வீடு கிடைத்தது வகுப்பில் எனக்கு மட்டும்தானாம். பின்வரிசை வாங்கில் இருந்த துஷாந்த் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவனுக்குப் பிரான்ஸ் அங்கிளைத் தெரியும். அவன் தாய் எங்கள் கட்டிடத்தின் பத்தாம் மாடியில் இருந்தபடி ரொறன்ரோத் தமிழர் முழுப்பேருடைய செய்தியையும் வாசிக்கிற மனுசி.

சனிக்கிழமை காலை பையும் ரேப் ரெக்கோடருமாக ஸ்ரீட்கார் ஏறி பார்க்டேலுக்குப் போனேன்.

வீடு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? வாசல் கதவில் ஈபில் கோபுரம். ஃப்ரிஜ் கதவில் ஈபில் கோபுரம். கழிவறையில், தண்ணீர்த் தொட்டிக்கு மேலேயும் அதுதான். சோபாவுக்குப் பொலித்தீன் உறை, அதற்கு மேலே பாரிஸில் வாங்கிய ஒரு துணி, அதில் இருக்கக் கூடாது. மேசையில் ஒன்றரை முழ நீளத்தில் பிரெஞ்சுப் பாண். அங்கிள் கழுத்தில் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு நின்றார். மே மாதத்தில், ஹீற்றர் பூட்டிய வீட்டுக்குள்.

"பொன்ஜூர், பொன்ஜூர்! சவா?" என்றார்.

நான் விடுவேனா? வகுப்பில் முதலாம் பிள்ளை. நன்றாக இருக்கிறேன் அங்கிள், என்னை ஏற்றுக்கொண்டதற்கு நன்றி, நீங்கள் பாரிஸில் எந்தப் பகுதியில் இருந்தீர்கள் என்று பிரெஞ்சில் நிறுத்தி நிதானமாகக் கேட்டேன்.

"வுய், வுய்," என்றார் அங்கிள். எந்தப் பகுதி என்று கேட்டால் 'ஓம், ஓம்' என்கிறார். பிறகு போய் ரீவியைப் போட்டார்.

இன்னொரு தரம் சுலபமாகக் கேட்டுப் பார்த்தேன். எந்த வருடம் பாரிஸுக்குப் போனீர்கள்? அதற்கும் வுய். என்ன வேலை செய்தீர்கள்? அதற்கு மட்டும் கொஞ்சம் உசாராகி, வெங்காயத்துக்குப் பிரெஞ்சு, கத்திக்குப் பிரெஞ்சு, தட்டுக்கும் சட்டிக்கும் 'கெதியாச் செய்' என்பதற்கும் பிரெஞ்சு என்று வரிசையாகச் சொன்னார். ஆறு வருடமும் ஏதோ ஒரு சாப்பாட்டுக் கடையின் நிலக்கீழ் அறையில் நின்று கோப்பை கழுவிய மனுசன்! இதைச் சொல்வதில் என்ன வெட்கம்? என் அப்பாவும் கோப்பை கழுவினவர்தான். ஆனால் அவர் அதற்குச் சால்வை சுற்றவில்லை.

என் முகத்தைப் பார்த்து அங்கிளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். "பிள்ளை, உங்கட பள்ளிக்கூடப் பிரெஞ்சு வேறை, எங்கட பாரிஸ் பிரெஞ்சு வேறை," என்றார். "நாங்கள் கதைக்கிற ஸ்பீட்டுக்கு உமக்கு ஒண்டும் பிடிபடாது. அதுதான் நான் அடக்கி வாசிக்கிறன்."

அடக்கி வாசிக்கிறாராம்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

அடுப்படியில் பாலேஸ்வரி அன்ரி எனக்குக் கோழிக்கறி சமைத்துக்கொண்டு நின்றார். உருண்டை முகம், எந்நேரமும் எதையோ துடைத்துக்கொண்டிருக்கும் கை. அவருக்குப் பிரெஞ்சு ஒரு சொல்லும் தெரியாது. பாரிஸில் மூன்று வருடம் வீட்டுக்குள் இருந்து சட்டைக்குப் பொத்தான் தைத்தாராம். கடைக்குப் போனாலும் தமிழ்க் கடைதானாம்.

"இவர்தான் வெளி வேலையெல்லாம் பாக்கிறவர். பிரெஞ்சு தண்ணி மாதிரி," என்றார். "நானெண்டா பாத்துக்கொண்டே நிப்பன்."

எனக்குச் சோறு போட்டவர் தான் சாப்பிடவில்லை. விரதமாம். செவ்வாய், வெள்ளி, சனி, கிழமையில் மூன்று நாள் விரதம்.

"ஏன் அன்ரி இப்பிடிப் பட்டினி கிடக்கிறியள்?"

"வேறை ஏன் பிள்ளை? ஒரு குஞ்சு வேணுமெண்டுதான்." அதைச் சொல்ல அவர் வெட்கப்படவும் இல்லை, அழவும் இல்லை. எத்தனையோ பேருக்குச் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பேச்சு. "டொக்டரிட்டையும் போறன். எனக்கு எல்லா ரெஸ்ற்றும் எடுத்தாச்சு. ஒண்டும் தெரியேல்லை. இனி வயித்திலை துளை போட்டுக் கமரா விட்டுப் பாக்கவேணுமாம். ஒப்பரேசன். எனக்குப் பயம், நான் மாட்டனெண்டிட்டன்."

"அங்கிளுக்கும் ரெஸ்ற் எடுத்ததோ?"

எனக்குப் பதினெட்டு வயது. உயிரியல் படிக்கிற பிள்ளை. கேட்கத்தானே வரும்? அன்ரி சட்டென்று கதவுப் பக்கம் பார்த்தார்.

"இவருக்குப் பாரிஸிலையே செக் பண்ணினதாம். எல்லாம் ஓகேயாம். அங்கத்தை டொக்டர்மார் இஞ்சத்தை ஆக்கள் மாதிரி இல்லை."

பாரிஸ் என்ற சொல்லை வைத்து அந்த மனுசன் வீட்டில் எத்தனை கதவைப் பூட்டிவைத்திருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. என் கவலையெல்லாம் முப்பது புள்ளி. அன்று பின்னேரம் வரை நான் அங்கிளைத் துரத்தினேன். அங்கிள் கடைக்கு ஓடினார், காருக்கு எண்ணெய் பார்க்க ஓடினார், குளியலறைக்குள் புகுந்து முக்கால் மணித்தியாலம் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெளியே போகிற நாள். பிரெஞ்சுக்காரர் வார இறுதியில் பிக்னிக் போவார்களாம், ஆனபடியால் நாங்களும் போனோம். ஏரிக்கரையில் ஃபெரி ஏறி சென்ரர் ஐலண்டுக்கு. பாரிஸ் பிக்னிக்கின் சாமான்கள் இவை: ஒரு கூலர் நிறையப் புட்டு, முட்டைப் பொரியல், நேற்றைய கோழிக்கறி, மாம்பழம், ஒரு போத்தல் மோர், அதோடு யாரும் தொடாத அந்த நீளப் பாண். ஃபெரியில் நின்றபடி அங்கிள் ரொறன்ரோவைத் திரும்பிப் பார்த்து, நகரத்தின் ஊசிக் கோபுரமான சீ.என். ரவரைக் கையால் தள்ளிவிட்டார்.

"உதென்ன ரவர்? உதிலை ஒரு வேலைப்பாடு இருக்கோ?"

பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் பிள்ளையோடு பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தாள். நல்ல பிரெஞ்சு, தெளிவான பிரெஞ்சு. அங்கிள் அதைக் கேட்டவுடன் கூலரைத் தூக்கிக்கொண்டு மற்றப் பக்கம் போய்விட்டார். நான் அந்தப் பெண்ணை ஏக்கத்தோடு பார்த்தேன். மைக்கை அவள் வாய்க்கு முன்னால் நீட்டினால் என்ன என்றுகூட நினைத்தேன். மானம் விடவில்லை.

தீவில் ஒரு மரத்தின் கீழே பாயை விரித்தோம். சாப்பிட்டோம். அங்கிள் சரிந்து படுக்கப் பார்த்தார். எனக்கு வந்தது ஆத்திரம். ரேப் ரெக்கோடரை எடுத்து அவர் தலைமாட்டில் வைத்தேன்.

"அங்கிள், பதினைஞ்சு நிமிசம்."

"இப்பதானே பிள்ளை சாப்பிட்டனாங்கள். செமிக்கட்டும்."

"உங்களுக்கு ஏலாட்டிச் சொல்லுங்கோ. நான் மடாமிட்டைப் போய், பாரிஸ்காரருக்குப் பிரெஞ்சு வராதாமெண்டு சொல்லிவிடுறன். அவ வேறை வீடு பாத்துத் தருவா."

இது கொழுப்புத்தான். தெரிந்துதான் சொன்னேன். அங்கிளுக்கு உறைக்க முதல் அன்ரிக்கு உறைத்துவிட்டது. மாம்பழம் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆருக்கு வராது? ஆறு வருசம் அங்கை ஆண்டவர்! இஞ்சேருங்கோ, கதையுங்கோவன். சின்னப் பிள்ளை என்ன கதை கதைக்குது, நீங்கள் படுத்துக் கிடக்கிறியள். எனக்காகக் கதையுங்கோ. நீங்கள் பிரெஞ்சு கதைச்சு நான் கேட்டு எத்தினை நாள்!"

அங்கிள் எழுந்து இருந்தார். மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். தப்ப வழியில்லை. தீவென்றால் அடுத்த ஃபெரி வரும்வரை தீவுதான்.

"சரி, அமத்தும்," என்றார்.

நான் பட்டனை அமத்தினேன். அங்கிள் சால்வையைக் கழற்றி மடியில் வைத்தார். முதுகை நிமிர்த்தினார். கண்ணை மூடினார். பிறகு வாயைத் திறந்தார். பிரெஞ்சு வந்தது!

வந்தது என்றால், அருவி மாதிரி வந்தது. பிழை இல்லை, தடக்கல் இல்லை. என்னையறியாமல் வாய் பிளந்துவிட்டது. கீழே கையொப்பமிடும் இராசரத்தினம் ஆகிய நான், 1958ஆம் ஆண்டு உடுப்பிட்டியில் பிறந்தேன். தகப்பனார் தபாலதிபர். நான் எந்த இயக்கத்திலும் இருந்ததில்லை. இரண்டு வசனம் போவதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. இது பேச்சு இல்லை, பாடமாக்கின எழுத்து. அகதிக் கேஸுக்கு எழுதிக்கொடுத்த வாக்குமூலம்.

எனக்கு இதெல்லாம் புதுசா? கேஸ் எழுதிப் பாடமாக்காத தமிழன் ரொறன்ரோவில் யார் இருக்கிறார்? எங்கள் விசாரணைக்கு முன்னால் அம்மா என்னையே விடியக்காலையில் எழுப்பித் திகதிகளைக் கேட்டவர். ஒரு திகதி பிழைத்தால் ஊருக்கு அனுப்பிவிடுவான் என்று வெருட்டி வெருட்டி, வாய்ப்பாடு மாதிரி ஏற்றிவிட்டார். அங்கிளுக்கும் யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளர் ஏற்றியிருக்கிறார். வாக்குமூலத்தைத் தவிர அந்த மனுசனிடம் ஒரு முழு வசனம் பிரெஞ்சு இல்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாம்பழத் துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.

அன்ரி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். என்னைப் பார்த்துக் கண்ணால் 'கண்டியோ?' என்றார்.

85ஆம் ஆண்டு மார்ச் பதினான்காம் திகதி இராணுவம் கிராமத்தைச் சுற்றி வளைத்தது. என்னையும் இன்னும் பதினொரு பேரையும் லொறியில் ஏற்றினார்கள். நாற்பத்தொரு நாள் முகாமில் வைத்திருந்தார்கள். எட்டாம் நாள் இரவு...

அங்கிள் பாதியில் நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு மறுபடி, மார்ச் பதினான்காம் திகதி இராணுவம் கிராமத்தைச் சுற்றி வளைத்தது. லொறி. நாற்பத்தொரு நாள். எட்டாம் நாள். மறுபடியும் நின்றார். எனக்கு விளங்கியது. அந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறார். ஆனால் பாடமாக்கினவனுக்கு நடுவில் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகத் தெரியாது. நாங்கள் எல்லாரும் அப்படித்தானே படித்தோம்? தொடக்கத்திலிருந்து போக வேண்டும், வழியில் எது கிடந்தாலும் அதன் மேலேதான் போக வேண்டும். மூன்றாம் தரமும் மார்ச் பதினான்கு. இந்த முறை வேகத்தில் அவரால் நிற்க முடியவில்லை.

எட்டாம் நாள் இரவு அவரை என்ன செய்தார்கள் என்பதை அவர் சொன்னார். அதை நான் இங்கே எழுதமாட்டேன். மாம்பழம் என் வாய்க்குள் அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னது இது: பாரிஸில் என்னைப் பரிசோதித்த வைத்தியரின் சான்றிதழை இத்துடன் இணைத்துள்ளேன். அந்தக் காயங்களின் காரணமாக எனக்கு ஒருபோதும் பிள்ளை பிறக்காது என்று அவர் உறுதிப்படுத்தியுள்ளார். பிறகு கடல், விமானம், கள்ள பாஸ்போட், எல்லாம் வந்தன. கடைசியில் மேன்மை தங்கிய ஐயா, என் ஆழ்ந்த மரியாதையை ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுகிறேன். பாரிஸ், 1987, ஒக்ரோபர் ஆறாம் திகதி.

அங்கிள் கண்ணைத் திறந்தார். நான் பட்டனை அமத்தி நிறுத்தினேன். சரியாகப் பதினாறு நிமிடம்.

"விளங்கினதோ?" என்று கேட்டார். குரல் சாதாரணமாக இருந்தது. கை மட்டும் சால்வையை முறுக்கிக்கொண்டிருந்தது.

"நீங்கள் சரியான ஸ்பீட், அங்கிள்," என்றேன்.

அவர் தலையாட்டினார். நம்பினாரா, நம்புவதாகக் காட்டினாரா, எனக்குத் தெரியாது. அன்ரி விடவில்லை. என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"பொய் சொல்லாதை, நீ கெட்டிக்காரி. நீ கேட்டுக்கொண்டிருந்த முகத்தை நான் கண்டனான். கண்ணெல்லாம் கலங்கிப்போச்சு. என்னடி சொன்னவர்?"

நான் அங்கிளைப் பார்த்தேன். அவர் ஏரியைப் பார்த்தார். கோழை! நீரே சொல்லித் தொலையும் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அந்த மனுசி ஏழு வருடம் பட்டினி கிடக்கிறாள். ஊர் முழுக்க அவள் வயிற்றைப் பார்த்து 'பாவம்' என்கிறது. இவர் பாரிஸிலேயே செக் பண்ணினவராம், எல்லாம் ஓகேயாம்! அதே நேரம் அந்த எட்டாம் நாள் இரவும் என் காதுக்குள் நின்றது. ஒரே ஆள்மேல் ஒரே நேரத்தில் இவ்வளவு கோபமும் இவ்வளவு இரக்கமும் வந்தால் பதினெட்டு வயதில் என்ன செய்வது? நான் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"உங்களைப் பற்றித்தான் அன்ரி. உங்களைக் கலியாணம் கட்டின கதை. நீங்கள் இல்லாட்டித் தான் இல்லையாம்."

அன்ரியின் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கழுத்துவரை சிவந்து, முந்தானையை இழுத்து வாயை மூடி, "சீ, வெக்கங்கெட்ட மனுசன்! பள்ளிக்கூடத்துக்குக் குடுக்கிற ரேப்பிலையே?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு மிச்ச மாம்பழம் முழுவதையும் அங்கிளின் தட்டில் போட்டார். அங்கிள் அதைச் சாப்பிட்டார். ஒவ்வொரு துண்டாக, கடைசித் துண்டுவரை சாப்பிட்டார்.

திங்கட்கிழமை வகுப்பு. எனக்குப் பெரிய மனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ரேப்பைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன். கொடுக்கத்தான் போனேன். அந்தப் பிரெஞ்சுக்கு மடாம் மூக்கால் அழுதே முப்பதையும் தருவார். துஷாந்தின் ரேப் முதலில் ஓடியது. ஏதோ ஒரு கிழவி தன் நாயைப் பற்றிப் பேசினாள். பின்வரிசை வாங்கில் இருந்து அவன் என்னைக் கூப்பிட்டான்.

"ஏய், பிரான்ஸ் அங்கிள் என்ன கதைச்சவர்? ஐ கான்ட் வெயிற், மச்சி. அம்மாவும் கேட்டவ."

துஷாந்துக்குப் பிரெஞ்சில் அரைவாசி விளங்காது. ஆனால் 'பிள்ளை' விளங்கும், 'வைத்தியர்' விளங்கும், 'ஒருபோதும்' விளங்கும். பத்தாம் மாடி மனுசிக்கு அந்த மூன்றும் போதும். பின்னேரத்துக்கிடையில் லிஃப்ற் முழுக்க இருக்கும்.

மடாம் என் பெயரைக் கூப்பிட்டார். "ரேப் இல்லை," என்றேன். ஏன் இல்லை என்றார். "பட்டனை அமத்த மறந்துவிட்டேன்," என்றேன். பாரிஸ்காரர் வீட்டுக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வருவதா என்று அவர் கவலைப்பட்டார். கவலைப்பட்டபடியே பூச்சியம் போட்டார். நான் மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். எழுபத்தாறு. பல்கலைக்கழகம் அவ்வளவுதான். அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து அன்றைக்கு ஸ்ரீட்காரில் இரண்டு தரிப்பிடம் தாண்டிப் போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தைக் கழற்றவில்லை, கதவில் தட்டுகிற சத்தம். பாலேஸ்வரி அன்ரி. கையில் ஒரு வெற்று ரேப். நல்ல சேலை, நெற்றியில் பெரிய பொட்டு. அம்மா வேலைக்குப் போயிருந்தார்.

"பிள்ளை, அந்த ரேப்பை எனக்கொரு கொப்பி அடிச்சுத் தா," என்றார். "எனக்கு விளங்காட்டிப் பரவாயில்லை. அவர் என்னைப் பற்றிச் சொல்லுறது எனக்குக் கிடக்கட்டும். வீட்டிலை இன்னொருக்காச் சொல்லுங்கோவெண்டு கேட்டன், வாயே திறக்கிறாரில்லை. வெக்கமாம்."

"அன்ரி, அது..."

"நீ சொன்னதிலை இருந்து எனக்கு நித்திரை இல்லையடி." அவர் சோபாவில் இருந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏழு வருசம் ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லாத மனுசன். மனசுக்குள்ளை இவ்வளவையும் வைச்சுக்கொண்டிருக்கு. நான் என்ரை பயத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். காலமை எங்கட தமிழ் டொக்டருக்கு ஃபோன் பண்ணி ஓமெண்டு சொல்லிப்போட்டன். வாற செவ்வாய் ஒப்பரேசன். மயக்க ஊசி போட்டு வயித்தை வெட்டினா வெட்டட்டும். அவருக்கு ஒரு பிள்ளை பெத்துக் குடுக்காமல் நான் என்ன மனுசி?"

நான் ஒரு வசனம் பொய் சொன்னேன், அது இந்த மனுசியைக் கத்திக்குக் கீழே கொண்டுபோய் வைத்துவிட்டது. அங்கிளைக் கோழை என்று திட்டினவள் நான். இரண்டு நாள் என் நல்ல மனதை நானே மெச்சிக்கொண்டு திரிந்தவள் நான். சீ! எனக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? அவர் பாரிஸை வைத்து மூடினார், நான் காதலை வைத்து மூடினேன்.

"அன்ரி," என்றேன். "அவர் உங்களைப் பற்றிக் கதைக்கேல்லை. நான் சொன்னது பொய்."

அவர் சிரித்தார். பகிடி என்று நினைத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

நான் உள்ளே போய் ரேப்பை எடுத்து வந்து ரெக்கோடரில் போட்டேன். ஒரு வசனம் ஓடவிட்டு நிறுத்தினேன். தமிழில் சொன்னேன். அடுத்த வசனம் ஓடவிட்டு நிறுத்தினேன். தமிழில் சொன்னேன். தகப்பனார் தபாலதிபர் என்றபோது அன்ரி தலையாட்டினார். மார்ச் பதினான்கு மூன்று தரம் வந்தபோது மூன்று தரமும் சொன்னேன். எட்டாம் நாள் இரவில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். "ஐயோ," என்றார், மெதுவாக, ஒரே ஒரு தரம். நிறுத்தவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். சான்றிதழ் வந்தது. நான் அந்த வசனத்தைச் சொல்லி முடித்துவிட்டு, அழுவார் என்று நினைத்து ரிஷு பேப்பர்ப் பெட்டியை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் அழவில்லை. கடைசி மரியாதை வசனம்வரை பொறுமையாகக் கேட்டார்.

"திகதி போட்டிருக்கோ?"

"எண்பத்தேழு, ஒக்ரோபர் ஆறு."

"எண்பத்தேழு," என்றார். "எங்கட கலியாணம் எண்பத்தொன்பது, ஆவணி. என்னை ஊரிலையிருந்து கூப்பிட்டவர்."

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். முழுவதையும் குடித்து முடித்தார்.

"எண்பத்தஞ்சிலை நடந்ததுக்கு நான் அவரைத் தூக்கி மடியிலை வைச்சிருந்திருப்பன்," என்றார். "பிள்ளை இல்லாட்டிப் போகுது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேண்டாமெண்டிருப்பனோ? என்னையெல்லோ ஏழு வருசம் கோயில் கோயிலா உருளவிட்டவர்."

அவர் எழுந்து சுவரில் இருந்த ரெலிபோனை எடுத்தார். அங்கிள் வேலை செய்யும் இடத்து நம்பர் அவருக்குப் பாடம். எடுத்த வெள்ளைக்காரனிடம் "ராசா, ராசா, வைஃப்" என்று மூன்று சொல்லில் ஆளைக் கூப்பிட்டார். அங்கிளின் குரல் அந்தப் பக்கத்தில் என்ன, என்ன என்று பதறியது எனக்கும் கேட்டது. அன்ரி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஒண்டுமில்லை. இண்டைக்கு நேரத்தோடை வீட்டை வாங்கோ," என்றார். "எனக்கு உங்கட பிரெஞ்சு விளங்கிப்போச்சு."